தனிநபர் மேக்ரோ பணிப்புத்தகம்

தனிநபர் மேக்ரோ பணிப்புத்தகம் என்பது, ஒருமுறை எழுதிய மேக்ரோவை (எக்செல் வேலைகளைத் தானே செய்யும் சிறு நிரலை) கணினியில் திறக்கும் எல்லா எக்செல் கோப்புகளிலும் இயக்க உதவும் மறைகோப்பு. எக்செல் 2003 வரை இதன் பெயர் பெர்சனல்.எக்ஸ்எல்எஸ், 2007 பதிப்பிலிருந்து பெர்சனல்.எக்ஸ்எல்எஸ்பி.

தேவை

மேக்ரோ பொதுவாகத் தான் எழுதப்பட்ட கோப்பிலேயே தங்கிவிடும். எடுத்துக்காட்டாக, காஞ்சிபுரத்தை அடுத்த ஐயம்பேட்டை போன்ற நெசவு ஊர்களில் நெசவாளருக்குப் பாவு, ஊடை, ஜரிகை கொடுத்துச் சேலை நெய்து வாங்கிக் கூலி தருவது வழக்கம். இதன் கணக்கை மாதத்துக்கொரு கோப்பாக எக்செலில் வைப்பவர், ஜரிகை மீதியையும் கூலியையும் கணக்கிடும் மேக்ரோவை ஒவ்வொரு கோப்பிலும் நகலெடுத்து வைத்தால், பிழை தெரியும்போது அத்தனை நகல்களையும் திருத்த வேண்டும். ஒன்று விடுபட்டாலும் நெசவாளரின் கூலி தவறாகிவிடும். தனிநபர் பணிப்புத்தகத்தில் வைத்தால் ஓரிடத்தில் திருத்தினால் போதும்.

செயல்படும் முறை

மேக்ரோவைப் பதிவு செய்யும்போது, சேமிக்கும் இடமாகத் தனிநபர் மேக்ரோ பணிப்புத்தகத்தைத் தேர்ந்தெடுத்தால், எக்செல் இக்கோப்பை உருவாக்கி எக்ஸ்எல்ஸ்டார்ட் கோப்புறையில் வைக்கும். அங்குள்ள கோப்புகள் எக்செலுடன் தாமே திறக்கும். எக்செலை மூடும்போது இக்கோப்பின் மாற்றங்களைச் சேமிக்கத் தவறினால் புதிய மேக்ரோ அழிந்துபோகும்.

நிரலில் 'திஸ்வொர்க்புக்' என்று எழுதினால் அது மறைந்திருக்கும் இக்கோப்பையே குறிக்கும். திரையிலுள்ள கணக்கில் வேலை நடக்க 'ஆக்டிவ்வொர்க்புக்' என எழுத வேண்டும். மேக்ரோ செய்த மாற்றத்தைக் கன்ட்ரோல்-இசட் அழுத்தி மீட்க முடியாது. ஆகவே புதிய மேக்ரோவை நகல் கோப்பில் சோதிப்பதே முறை.

மாற்று வழிகள்

இக்கோப்பு ஒரு கணினியின் ஒரு பயனருக்கு உரியது. பலருடன் பகிர, எக்ஸ்எல்ஏஎம் வகைச் சேர்க்கை நிரல் (ஆட்-இன்) ஏற்றது. சொந்தமாக எழுதிய சார்புகளுக்கும் அதுவே வசதி. தனிநபர் கோப்பிலுள்ள சார்பை அழைக்கக் கோப்பின் பெயரை முன்னால் சேர்க்க வேண்டும், சேர்க்கை நிரலில் அது தேவையில்லை. லிப்ரெஆபிஸில் 'என் மேக்ரோக்கள்' என்ற பகுதி இதே பணியைச் செய்கிறது.

பாதுகாப்பு

1996-இல் பரவிய லாரூ என்ற எக்செல் நச்சுநிரல், எக்ஸ்எல்ஸ்டார்ட் கோப்புறையில் பெர்சனல்.எக்ஸ்எல்எஸ் கோப்பாகக் குடியேறி, பின்னர் திறந்த பணிப்புத்தகங்களிலும் தொற்றியது. இணையத்திலிருந்து வரும் கோப்புகளின் மேக்ரோக்களை மைக்ரோசாஃப்ட் 2022 முதல் இயல்பாகவே தடுக்கிறது. தனிநபர் கோப்பில் பயனர் தாமே ஒட்டும் நிரலுக்கு இத்தடை பொருந்தாது. ஆகவே பொருள் விளங்காத நிரலை அதில் சேர்க்கக் கூடாது.