நீல ஒளியும் காலியம் நைட்ரைடு மென்படலமும்: ஒரு வரலாற்று ஆய்வு

1962-இல் நிக் ஹோலோன்யாக் சிவப்பு ஒளியுமிழ் டையோடைச் செய்து காட்டினார். சில ஆண்டுகளில் பச்சையும் வந்தது. பிரகாசமான நீலத்துக்கோ முப்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க நேர்ந்தது. 3.4 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் இடைவெளி கொண்ட காலியம் நைட்ரைடு இதற்கு ஏற்ற குறைக்கடத்தி என்பது முன்பே தெரியும். 1969-இல் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. ஆய்வகத்தில் மருஸ்காவும் டீட்ஜனும் அதை ஒற்றைப் படிகமாக வளர்த்தார்கள்; 1971-இல் பாங்கோவ் அதிலிருந்து மங்கலான ஒளியையும் பெற்றார். நல்ல படலம் மட்டும் கைகூடவில்லை. ஆகவே நீல ஒளியின் வரலாற்றைப் படலம் வளர்த்தவர்களின் வரலாறாகப் படிப்பதே பொருத்தம் என்று கருதுகிறேன்.

படலத்தைத் தாங்கிய நீலக்கல் தகட்டுக்கும் காலியம் நைட்ரைடுக்கும் அணிக்கோவை அளவில் ஏறத்தாழ 16 விழுக்காடு வேறுபாடு. விளைவு, சொரசொரப்பான, வெடிப்பு விட்ட படலம். பலரும் கைவிட்ட பிறகும் ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் இசாமு அகசாகி இதை விடவில்லை. அவருடைய மாணவர் ஹிரோஷி அமானோ 1985-இல் ஒருநாள் வேலை செய்தபோது, அலுமினியம் நைட்ரைடு படிகமாக வளரத் தேவையான வெப்பநிலையை உலை எட்டவில்லை. கிடைத்த வெப்பத்திலேயே அதை மெல்லிய அடுக்காகப் படியவிட்டு, பின்னர் சூட்டைக் கூட்டி அதன்மேல் காலியம் நைட்ரைடை வளர்த்தார். வெளியே எடுத்த தகடு கண்ணாடிபோல் தெளிவாக இருந்தது. காலிய வாயுவைத் திறக்கவே மறந்துவிட்டோமோ என்று முதலில் ஐயுற்றார். நுண்ணோக்கியில் பார்த்த பிறகே வழுவழுப்பான படலம் உருவாகியிருப்பது உறுதியானது. அந்த இடையடுக்கின் நுண்படிகங்கள் ஒரே திசையில் ஒழுங்குபட்டு, மேலே வளரும் படலத்துக்கு வித்தாக அமைந்தன.

அடுத்த தடை, டையோடுக்குத் தேவையான, மின்துளைகளால் மின்சாரத்தைக் கடத்தும் பி-வகைப் படலம். மெக்னீசியம் சேர்த்தும் மின்துளைகள் கிடைக்கவில்லை. 1989-இல் அகசாகி குழு அப்படலத்தின்மீது எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சி மின்தடையைக் குறைத்தது. ஏன் குறைந்தது என்பதற்கான விடை தோகுஷிமா மாவட்டத்தின் நிச்சியா நிறுவனத்தில் கிடைத்தது. ஷுஜி நகமுரா 1992-இல் நைட்ரஜன் சூழலில் 700 பாகைக்கு மேல் சூடேற்றியபோது படலம் பி-வகையாயிற்று. அதையே அம்மோனியாவில் சூடேற்றினால் மின்தடை திரும்பவும் ஏறியது. வளர்ப்பின்போது நுழைந்த ஹைட்ரஜன் மெக்னீசியத்தோடு பிணைந்து அதைச் செயலிழக்கச் செய்ததே காரணம். இந்த வரலாறு முழுவதிலும் மிக நேர்த்தியான சோதனை இதுதான் என்பேன். கருவியும் எளிது, விடையும் ஐயத்துக்கு இடமற்றது. 1993-இல் நிச்சியா ஒரு கேண்டெலா ஒளிச்செறிவுள்ள நீல டையோடை அறிவித்தது. மூவருக்கும் 2014-இல் நோபல் பரிசு.

சில நானோமீட்டர் தடிப்பே உள்ள இன்டியம் காலியம் நைட்ரைடு குவாண்டம் கிணறுகள் ஒளியை மேலும் கூட்டின. ஆனால் இப்படலங்களில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குப் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட இடப்பெயர்வுக் குறைகள் உண்டு. அத்தனை குறை இருந்தால் காலியம் ஆர்சனைடு டையோடு ஒளிராது. இது எப்படி ஒளிர்கிறது? இன்டியம் திரண்ட நுண்திட்டுகளில் எலக்ட்ரான்கள் சிக்கிக்கொள்வதால் அவை குறைகளை எட்டுவதில்லை என்றார்கள். எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களும் அத்திட்டுகளைக் காட்டின. 2003-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள், நுண்ணோக்கியின் எலக்ட்ரான் கற்றையே அத்தோற்றத்தை உண்டாக்கக்கூடும் என்று காட்டினர். அதன்பின் இன்டியத்தின் இயல்பான ஏற்ற இறக்கத்தின்மீதும், கிணற்றின் தடிப்பில் ஓர் அணு அடுக்கு அளவே உள்ள வேறுபாட்டின்மீதும் ஆய்வாளர் கவனம் திரும்பியது.