தொலைவைக் காட்டும் கண்ணாடி



ரமளான் பிறை பார்க்க வீராணம் ஏரிக்கரையில் நின்று மேற்கு வானத்தை நோக்குகிறோம். கூர்ந்த பார்வையுடைய ஒருவர் 'அதோ' என்று சுட்டிய பின்னும் பலருக்கு அது தென்படுவதில்லை. பிறை அங்கேதான் இருக்கிறது. அதன் மெல்லிய ஒளி நம் கண்ணுக்குப் போதவில்லை.

கண் எவ்வாறு காண்கிறது? கண்ணிலிருந்து கதிர்கள் புறப்பட்டுப் பொருளைத் தொடுகின்றன என்றே பண்டைய கிரேக்க அறிஞர் பலர் கருதினர். பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம் (ரஹ்) அவர்கள் 11ஆம் நூற்றாண்டில் இதை மறுத்தார்கள். பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணுக்குள் நுழைகிறது என்று சோதனைகளின் துணையோடு விளக்கினார்கள். அவர்களின் 'கிதாபுல் மனாழிர்' இலத்தீனில் பெயர்க்கப்பட்டு 1572இல் பாஸல் நகரில் அச்சேறியது. ஆயினும் தொலைநோக்கியைச் செய்தவர் அவர்கள் அல்லர். அது 1608இல் ஹாலந்தில் தோன்றியது; 1609இல் கலீலியோ அதனை வானை நோக்கித் திருப்பினார். பெருமைக்காக உண்மையை மிகைப்படுத்துவது நமக்கு அழகன்று.

வானியல் தொலைநோக்கியின் முன்பக்கத்தில் உள்ள பெரிய லென்ஸ், தொலைவிலிருந்து வரும் கதிர்களை வளைத்துக் குவியத்தில் சேர்க்கிறது. அங்கே ஒரு சிறிய, தலைகீழான பிம்பம் உருவாகிறது. கண்ணருகே உள்ள சிறு லென்ஸ் அதைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. முன்பக்க லென்ஸுக்குப் பதிலாகக் குழிந்த கண்ணாடியும் இப்பணியைச் செய்யும். பெரிதாக்குவதைவிட ஒளியைத் திரட்டுவதே இக்கருவியின் தலையாய பணியாகும்.

முன்னோரின் புகழைப் பேசுவதோடு நிற்காத ஒரு செல்வரை இங்கு நினைவுகூர வேண்டும். ஹைதராபாத் நவாப் ஸஃபர் ஜங், தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு இங்கிலாந்திலிருந்து 15 அங்குலத் தொலைநோக்கி ஒன்றை வாங்கி, 1901இல் வானாய்வகம் அமைக்க முனைந்தார். அவர் மறைந்தபின், 1908இல் நிஜாம் அரசு அதனை ஏற்றது. அதுவே நிஜாமியா வானாய்வகம்.

அங்குப் பணியாற்றிய ஒருவரின் மகன்தான் வைனு பாப்பு. தந்தையின் பணியிடத்திலேயே வானியலில் ஆர்வம் கொண்டு வளர்ந்த அவர், ஹைதராபாத் அரசின் உதவித்தொகையில் அமெரிக்கா சென்று பயின்றார். நாடு திரும்பியபின், நம் வாணியம்பாடியை அடுத்த ஜவ்வாது மலையில், காவலூரில் வானாய்வகம் கண்டார். 1977இல் யுரேனஸ் கோளின் வளையங்களுக்கான தடயம் அங்கும் பதிவாயிற்று. 1982இல் அவர் மறைந்தார். அவர் திட்டமிட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி, இந்தியாவிலேயே உருவாக்கப்பட்டு, 1986 ஜனவரி 6 அன்று அவர் பெயரால் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. இருளில் 7 மில்லிமீட்டர் அளவே விரியும் நம் கண்மணியைவிட, அதன் கண்ணாடி ஏறத்தாழ ஒரு லட்சம் மடங்கு ஒளியைத் திரட்டுகிறது!

சகோதரர்களே! தம் கொடையால் பயன்பெறப் போகிறவர் யார், எந்தச் சமயத்தவர் என்று அந்த நவாப் அறிந்திருக்கவில்லை. கருவியை வாங்கித் தந்தார். யாரோ ஒரு வீட்டுப் பிள்ளையின் கண் திறந்தது. நிலையான தர்மம் என்பது இதுவன்றோ! மினாராவை உயர்த்த மனமுவந்து வாரி வழங்கும் நம் ஜமாஅத்துகள், தம் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு சிறு தொலைநோக்கியேனும் வாங்கித் தரலாகாதா? வானத்தைச் சிந்திக்குமாறு அழைக்கப்பட்ட சமுதாயமல்லவா நாம்!

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியை அருள்வானாக! ஆமீன்.