பிரதி வரைதல் (நீர்வண்ண உருவச் சித்திரம்)

புராணப் பொருள் கொண்ட சிறந்த சித்திரமொன்றை எதிரில் வைத்துப் பார்த்தெழுதி, மனித உருவத்தின் அளவையும் அங்க லட்சணத்தையும் வர்ணச் சேர்க்கையையும் கற்கும் முறை. ராஜா ரவிவர்மா 1894-இல் பம்பாயில் தொடங்கிய அச்சுக்கூடத்தின் படங்கள் இல்லங்கள்தோறும் பரவியபின், அவையே எண்ணற்ற மாணாக்கருக்குக் குருவாயின.

ரவிவர்மாவின் ‘ஹம்ச தமயந்தி’யைப் பிரதி செய்வோர், படத்தின்மீதும் தாளின்மீதும் ஒரே விகிதத்தில் கட்டமிட்டு உருவத்தை இறக்கிக்கொள்வர். மூலம் தைலவர்ணமாதலால் இருளின்மேல் ஒளியைக் கடைசியில் ஏற்றலாம். நீர்வண்ணத்திலோ தாளின் வெண்மையே ஒளியாதலின், சிவப்புச் சேலையின் மடிப்பு மினுங்குமிடங்களை முதலிலேயே தீண்டாது விட்டு, வெளிர்பூச்சு நன்குலர்ந்த பிறகே அடுத்ததை இடவேண்டும். இவ்வாறு ஆசான் சென்ற வழியைத் தலைகீழாக நடந்து தேறுவதே இப்பயிற்சியின் உயிர்நிலை என்பது நம் துணிபு.

ரவிவர்மா படங்களைப் போலவே, ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்துக்கு அணித்தான கோவில்பட்டியில், சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று நாடகத் திரைகளும் எழுதிய சி. கொண்டையராஜு (1898–1976) தம் சீடரோடு தீட்டிய தெய்வப் படங்கள், சிவகாசி அச்சகங்களின் நாட்காட்டிகளாகி, இவ்வூர்களில் பயில்வோருக்கு எளிதிற் கிட்டும் மூலங்களாயின.

ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயிலில் நாயக்கர் காலத் தூண்களிலுள்ள ரதி, மன்மதன் உருவங்களும் பார்த்தெழுதும் இப்பயிற்சிக்கு உகந்தவை. கல்லில் வர்ணமின்மையால் ஒளியும் நிழலும் மட்டுமே கண்ணில் நிற்க, மேனி நிறத்தை மாணாக்கன் தானே தேர்ந்துகொள்கிறான்.