கோட்பெயர்களும் தேவிபட்டினத்து நவபாடாணமும்

இராமநாதபுரத்துக்கு வடகிழக்கே, பாக்கு விரிகுடாவின் கரையில் அமைந்துள்ளது தேவிபட்டினம். ஆங்குக் கடலினுள் ஒன்பது கற்கள் நாட்டப்பெற்றுள்ளன. அவற்றை ஒன்பான் கோள்களாகக் கொண்டு, மக்கள் நவதானியம் இட்டு வழிபடுவர். இலங்கைமேற் செல்லுமுன் சனியின் இடர் நீங்க இராமன் அமைத்தவை அவை என்பது தலவரலாறு. கோள்கள் இங்ஙனம் தெய்வங்களாய் நிற்றலைக் காண்பார், அவற்றின் பெயர்களும் புராணங்களினின்றே தோன்றின என எண்ணுதல் இயல்பு. அவ்வெண்ணம் எத்துணைப் பொருந்தும் என்பதை ஈண்டு ஆராய்வாம்.

மேலைநாட்டு வழக்கிற்கு அது பெரிதும் பொருந்துவதே. பாபிலோனியர் வெள்ளியை இசுதார் என்னும் காதற்றெய்வத்துக்கும், செவ்வாயை நெர்கல் என்னும் தெய்வத்துக்கும் உரியவாக்கினர். கிரேக்கர் அம்முறையைத் தழுவி அப்ரோடைட், ஏரிசு எனத் தம் தெய்வப் பெயர்களை இட்டனர். உரோமர் அவற்றை வீனசு, மார்சு என வழங்கினர். 1781-இல் கண்டறியப்பெற்ற யுரேனசும், 1846-இல் கண்டறியப்பெற்ற நெப்டியூனும் அம்மரபின் வழியே பெயர் பெற்றன.

தமிழ் வழக்கோ வேறு. வெண்மையாய் ஒளிர்வது வெள்ளி, செந்நிறமுடையது செவ்வாய். சனியை மைம்மீன் எனச் சுட்டுகின்றது கபிலர் பாடிய புறநானூற்று 117-ஆம் பாட்டு. நிகண்டுகள் அதனைக் காரி என்னும். மை, காரி என்பன இரண்டும் கருமை குறித்தன. புறநானூற்று 60-ஆம் பாட்டில் உறையூர் மருத்துவன் தாமோதரனார், வானிடத்துச் செம்மீனுக்கு நடுக்கடலில் திமிலிலிருந்து தோன்றும் விளக்கினை உவமை கூறுகின்றார். அச்செம்மீனைச் செவ்வாய் எனக் கொள்ளுதல் பொருந்தும். இப்பெயர்களுள் கதை யாதொன்றும் இல்லை. கண்ட நிறமே பெயராயிற்று.

வடமொழிப் பெயர்கள் அனைத்தும் புராணப் பெயர்களோ எனின், அதுவும் அன்று. அங்காரகன் என்பது தணலைக் குறித்த சொல்லடியாகப் பிறந்தது. சுக்கிரன் என்பதன் பொருள் ஒளியுடையது. சனைச்சரன் என்பது மெல்லச் செல்வோன் எனப் பொருள்படும். ஒருமுறை ஞாயிற்றைச் சுற்றிவர ஏறத்தாழ 29½ ஆண்டு கொள்ளும் கோளுக்கு அப்பெயர் சாலப் பொருந்தும். அங்காரகன் நிலமகள் மைந்தன், சுக்கிரன் அசுரர் குரு, சனி ஞாயிற்றின் மகன் என்னும் கதைகள் நிறமும் இயக்கமும் குறித்த அப்பெயர்களைச் சூழ்ந்து வளர்ந்தன போலும். பிருகற்பதி என்பது மட்டும் வேதத் தெய்வத்தின் பெயராகவே உளது.

இவ்விரு மரபும் தமிழகத்தில் ஒன்றுகூடியதைத் திருஞானசம்பந்தரின் கோளறு பதிகம் நன்கு காட்டும். 7-ஆம் நூற்றாண்டினதாகிய அப்பதிகத்தில் செவ்வாய், வெள்ளி என்னும் தமிழ்ப் பெயர்களும், புதன், சனி என்னும் வடமொழிப் பெயர்களும் ஒருங்கே நிற்கின்றன. இராகுவும் கேதுவும் பாம்பிரண்டு எனப்பட்டன. இராமேச்சுரத்தையும் பாடியவர் அப்பெருமான் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

எனவே, கோட்பெயர்கள் யாவும் புராணங்களினின்று பிறந்தன என்னும் கூற்று தமிழுக்குப் பொருந்தாது. தேவிபட்டினத்துக் கற்களுள் சுக்கிரனாக வழிபடப்பெறும் கோளே, வைகறையில் தோன்றுங்கால் விடிவெள்ளி எனப்படுகின்றது. முன்னதிற் சமயமும் பின்னதிற் கண்கூடான காட்சியும் விளங்குகின்றன. தலவரலாற்றைப் போற்றுமிடத்தும், வானை நோக்கிப் பெயரிட்ட முன்னோரின் கூர்த்த பார்வையை மறத்தல் ஆகாது.