டாலியின் வயது

டாலி என்னும் செம்மறியாட்டின் செய்தி 1997 பிப்ரவரியில் ஏடுகளில் வெளிவந்தபோது, மனிதன் படைப்புத் தொழிலைக் கைப்பற்றிவிட்டான் என்று மகிழ்ந்தோரும் உண்டு; மருண்டோரும் உண்டு. நம் சிந்தையை ஈர்ப்பது வேறொரு வினா. பிறந்த அன்று அக்குட்டியின் வயது என்ன?

ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரையடுத்த ராஸ்லின் ஆய்வுக்கூடத்தில், 1996 ஜூலை 5 அன்று டாலி பிறந்தது. அயன் வில்மட், கீத் காம்ப்பெல் குழுவினர், ஆறு வயது ஆடொன்றின் மடியிலிருந்து எடுத்து வளர்த்த உயிரணுவை, உட்கரு நீக்கிய மற்றோர் ஆட்டின் சினைமுட்டையோடு மின்சாரத்தால் இணைத்தனர். 277 முறை இணைத்ததில் 29 கருக்கள் தேறின. உயிரோடு பிறந்தது ஒன்றே. அணுவும் முட்டையும் முன்னரே இருந்தவை. இதனைப் படைப்பு என்பது எங்ஙனம் பொருந்தும்?

முதிய அணுவிலிருந்து வந்த குட்டி முதுமையோடே பிறந்ததோ என்ற ஐயம் எழுந்தது. அதன் குரோமோசோம்களின் நுனிகள் குறுகியிருப்பதாக 1999இல் வெளியான அறிக்கை அவ்வையத்தை வளர்த்தது. 2003 பிப்ரவரி 14 அன்று, நுரையீரற் கட்டியால் வருந்திய டாலியின் உயிரை மருத்துவர்கள் நோவின்றிப் போக்கினர். ஆறரை வயதுதான்! ஆயினும் அக்கட்டி ஒருவகை வைரஸால் வருவது. இயல்பாய்ப் பிறந்த ஆடுகளையும் அது தாக்கும். டாலிக்குரிய அதே அணுக்களிலிருந்து தோன்றிய நான்கு ஆடுகள் வயதுக்கேற்ற நலத்துடன் வாழ்வதை 2016இல் நாட்டிங்ஹாம் ஆய்வாளர்கள் அறிவித்தனர். முட்டைக்குள் புகுந்த அணு தன் முதுமையை உதறியிருந்தது. ஆனால் அணுவை ஈந்த தாயாடோ, டாலி பிறக்குமுன்பே இறந்துபட்டது.

முட்டையின் துணையின்றியே அணுவைப் பின்னோக்கித் திருப்பியவர் கியோட்டோவின் ஷின்யா யமனக்கா. நான்கு மரபணுக்களைச் செலுத்தி 2006இல் எலியின் அணுவையும், 2007இல் மனிதத் தோலணுவையும் கருநிலைக்கு மீட்டார். 1962இல் தவளையிடம் இவ்வுண்மையைக் காட்டிய ஜான் கர்டனோடு 2012இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 2020இல் அவற்றுள் மூன்றைக் கொண்டு, முதிய எலிகளின் பார்வை ஓரளவு மீட்கப்பட்டது. நான்கையும் உடலில் ஓயாது இயக்கினாலோ கட்டிகள் முளைக்கின்றன. முதுமையை மருந்தில்லாப் பிணியாகக் குறித்த நபிமொழியை நாம் அறிவோம். எலியின் கண் தெளிந்ததைக் கொண்டு மனிதனின் மூப்பு அகன்றதாகக் கூறுவோரை நம்பிப் பொருளிழத்தல் தகாது.

ஜித்தாவிலுள்ள இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி 1997இலேயே மனித நகலாக்கத்தைத் தடுத்தது. தாவரம், விலங்கு, நுண்ணுயிர்களில் ஷரீஅத்தின் வரம்புக்குட்பட்டு அனுமதித்தது. 2009இல் துபையில் ‘இன்ஜாஸ்’ என்னும் ஒட்டகம் அம்முறையிற் பிறந்தது. ஒரு நோயாளியின் தோலணுவை இளமையாக்கி அவர் கண்ணுக்கே மருந்தாக்கும் முயற்சியில் புதுக் குழந்தையுமில்லை, வம்சக் குழப்பமுமில்லை. அதனையும் நகலாக்கத்தோடு சேர்த்து விலக்குவோர், அகாடமி வகுத்த வேறுபாட்டை ஒருமுறை படித்துப் பார்த்தல் நலம்.