பனங்கட்டி வட்டிலப்பம்

வடபுல முஸ்லிம்களின் வெளியேற்றம் பற்றி எழுதப்பட்டவற்றில் வீடுகள், கடைகள், நகைகள், வாகனங்கள் எல்லாம் கணக்கில் வருகின்றன. அடுப்படி அரிதாகவே வருகிறது. என் பெரிய மாமா அடுப்படியைத்தான் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, இரண்டு மணித்தியால அவகாசத்தில் விடுதலைப் புலிகளால் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட சோனகதெருக்காரர்களில் அவரும் ஒருவர். 2011இல் புத்தளத்தில் மௌத்தாகும் வரை அவர் ஊரைப் பற்றிப் பேசியதில் பாதி சாப்பாட்டைப் பற்றியது. தையற்காரர், ஒல்லியான மனிதர். அந்த உடம்புக்குள் அவ்வளவு ருசி எங்கே குடியிருந்தது என்று மாமி கேட்பார்.

அவர் அடிக்கடி எடுத்த வழக்கு வட்டிலப்பம் பற்றியது. ஒல்லாந்தர் காலத்தில் ஜாவாவிலிருந்தும் அயல் தீவுகளிலிருந்தும் கொண்டுவரப்பட்ட மலாய் மக்களோடு இந்தப் பண்டம் இங்கே வந்தது என்பது பொதுவான கருத்து. தென்னிலங்கையில் அதற்குக் கித்துள் கருப்பட்டிதான் போடுவார்கள். கித்துள் ஈரவலயத்து மரம். யாழ்ப்பாணத்து மண்ணில் நிற்பது பனை. எங்கள் உம்மம்மா பெருநாளைக்குப் பனங்கட்டி போட்டுத்தான் வட்டிலப்பம் அவித்தார். பனையோலைக் குட்டானில் வரும் அந்தக் கட்டியில் இனிப்போடு மெல்லிய கரிப்பும் உண்டு. மலாய்க்காரரின் பண்டம், சோனகரின் பெருநாள், யாழ்ப்பாணத்துப் பனை மூன்றும் ஒரே சட்டியில் வெந்திருக்கின்றன. நாம் எங்கிருந்து வந்தோம் என்ற சர்ச்சையில் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். எங்கே இருந்தோம் என்பதற்கு இந்தச் சட்டி ஒரு சாட்சி. மாமா இப்படியெல்லாம் பேசமாட்டார். புத்தளத்தில் யாராவது வட்டிலப்பம் தந்தால் ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு மருமகன். ஆனா இது எங்கட இல்ல" என்பார்.

கூழ் கதை வேறு. ஒடியற் கூழை அவருக்குப் பழக்கியது குருநகரில் ஒரு மீனவக் குடும்பம். ஒடியல் மாவை ஊறவிட்டு, கசப்புத் தண்ணீரை வடித்து, மீனும் நண்டும் இறாலும் பயற்றங்காயும் பலாக்கொட்டையும் கொதிக்கிற சட்டியில் கரைத்துவிட வேண்டும். பழப்புளியும் செத்தல்மிளகாயும் தூக்கலாக இருக்க வேண்டும். பனையோலைப் பிளாவில் ஊற்றி, வியர்க்க வியர்க்கக் குடிக்க வேண்டும். பெருநாளைக்கு அந்த வீட்டுக்கு எங்கள் வட்டிலப்பம் போகும். தைப்பொங்கலுக்கு வேறொரு தமிழ் வீட்டிலிருந்து புக்கை வரும். வெளியேற்றத்தைப் பற்றிக் கோபத்தோடு பேசிக்கொண்டிருக்கும்போதே இந்தக் கதைகளும் அவர் வாயில் வந்துவிடும். கேட்டுக்கொண்டிருக்கும் இளைஞர்களுக்கு அது பிடிக்காது. "அந்த வீட்டில கை நனைச்சவன் நான். அதையும் சொல்லத்தான் வேணும். எங்கள விரட்டினதையும் சொல்லத்தான் வேணும்" என்பார். நமது எழுத்தில் இவ்விரண்டையும் ஒருசேரச் சொல்ல எத்தனை பேருக்கு மனம் வந்திருக்கிறது?

ஜின்னா மைதானத்துக்கு வரச்சொல்லி ஒலிபெருக்கியில் அறிவித்தபோது வீட்டில் பகல் சமையல் நடந்துகொண்டிருந்தது. நண்டுக் குழம்பு அடுப்பிலேயே நின்றுவிட்டது. அதைவிட அவரை வருத்தியது தேசிக்காய் ஊறுகாய்ச் சாடி. உம்மம்மா போட்டது, நாலு வருடம் பழுத்தது. பின்னாளில் இழப்பு விபரம் கேட்டு வந்த படிவத்தில் வீடு, தளபாடம், தையல் இயந்திரம் என்று எழுதிக்கொண்டு போனவர், ஊறுகாய்ச் சாடியையும் எழுதினார். படிவத்தை வாங்கியவர் சிரித்தாராம். மாமா சிரிக்கவில்லை. தையல் இயந்திரத்தைத் திரும்ப வாங்கலாம். நாலு வருடத்தை எந்தக் கடையில் வாங்குவது?

புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலும் நிவாரண அரிசியும் மாவும் பருப்பும்தான் முதல் வருடங்கள். புத்தளத்து மக்கள் தங்கள் காணியையும் கிணற்றையும் பகிர்ந்தார்கள். அதை அவர் ஒருநாளும் குறைத்துச் சொன்னதில்லை. களப்பு இறாலுக்கும் அவர் நாக்கு மெல்ல மெல்லப் பழகிற்று.

2002இல் யுத்தநிறுத்தம் வந்து ஏ-9 பாதை திறந்ததும் பஸ்ஸேறிப் போனார். வீட்டில் கூரையும் கதவுகளும் இல்லை. முற்றத்தில் மரம் முளைத்திருந்தது. அதிகம் பேசாமல் திரும்பி வந்தவரின் பையில் ஆறு குட்டான் பனங்கட்டியும் ஒரு பொதி ஒடியல் மாவும் இருந்தன. அன்றிரவே மாமி வட்டிலப்பம் அவித்தார். புத்தளத்தில் பிறந்த பேரப்பிள்ளைகள் அதன் நிறத்தைப் பார்த்து, "அடிப்பிடிச்சிட்டா?" என்று கேட்டார்கள். மாமா மூன்று துண்டு சாப்பிட்டார். பிள்ளைகள் மிச்சம் வைத்ததையும் சாப்பிட்டார்.

அவருடைய நாற்பதாம் நாள் கத்தத்துக்கு வட்டிலப்பம் செய்தபோது கடையில் கித்துள்தான் கிடைத்தது. ஓதி முடிந்து எல்லோரும் போன பிறகு மாமியிடம் பழைய அளவைக் கேட்டு எழுதிக்கொண்டேன். பத்து முட்டைக்கு அரைக் கிலோ பனங்கட்டி, இரண்டு தேங்காயின் முதற்பால், ஏலம், கொஞ்சம் சாதிக்காய். உப்புப் போடக்கூடாது, பனங்கட்டியிலேயே கரிப்பு இருக்கிறது.