காலணா வரியில் வந்த ரயில்

நம் குடவாசலுக்கு ரயில் கிடையாது. தெற்கே கொரடாச்சேரி, கிழக்கே நன்னிலம் அல்லது பூந்தோட்டம், வடமேற்கே கும்பகோணம். எந்தப் பக்கம் போனாலும் முதலில் பஸ் பிடித்துத்தான் பிறகு ரயில் பிடிக்க வேண்டும். ஆனால் நன்னிலம், பூந்தோட்டம் வழியாகப் போகும் அந்தப் பாதை நம் தஞ்சை ஜில்லாவின் நிலக்காரர்கள் கட்டிய வரியில் வந்தது என்பது இன்று பலருக்குத் தெரியாது. அதைப் போட்டது தஞ்சாவூர் ஜில்லா போர்டு.

நம் பக்கத்துக்கு ரயில் வந்த கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து பார்க்க வேண்டும். 1861-ல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வரை ரயில் ஓடத் தொடங்கியது. அடுத்த ஆண்டு திருச்சி வரை நீண்டது. 1870களின் பிற்பாதியில் தஞ்சையிலிருந்து கும்பகோணம் வழியாக மாயவரத்துக்குப் பாதை வந்தது. இந்த இரண்டும் கம்பெனி போட்ட பாதைகள். வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று. இரண்டுக்கும் நடுவில் நன்னிலம் தாலுகா. அதற்கும் தெற்கே திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டை, அறந்தாங்கி. இந்தப் பக்கத்துக்கெல்லாம் மாட்டு வண்டிதான் கதி.

கடைமடையில் வடக்கு தெற்காகப் பாதை போடுவது எளிதல்ல. நம் ஆறுகள் எல்லாம் மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகின்றன. மாயவரத்திலிருந்து தெற்கே இறங்கினால் வீரசோழன், நாட்டாறு, அரசலாறு, முடிகொண்டான், வெட்டாறு, ஓடம்போக்கி, பாண்டவையாறு, வெள்ளையாறு என்று ஒவ்வொன்றாகத் தாண்ட வேண்டும். அவற்றுக்கு இடையில் வாய்க்கால்களும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் பாலம் கட்டவேண்டும். வெள்ளத்துக்கு மேல் மண்ணைக் கொட்டி உயர்த்தவேண்டும்.

இங்கேதான் ஜில்லா போர்டு வருகிறது. 1882-ல் ரிப்பன் பிரபு தலசுய ஆட்சி பற்றிய தீர்மானத்தைக் கொண்டுவந்தார். அதையொட்டி 1884-ல் சென்னை மாகாணத்தில் ஸ்தல ஸ்தாபனச் சட்டம் வந்தது. மேலே ஜில்லா போர்டு, நடுவில் தாலுகா போர்டு, கீழே யூனியன் என்று மூன்று அடுக்கு. சாலை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சத்திரம் எல்லாம் இவர்கள் பொறுப்பு. வருமானத்துக்கு முக்கிய வழி நிலத்தின் மீது போடும் வரி.

தஞ்சாவூர் ஜில்லா போர்டு இதற்கு மேல் ரயில் பாதைக்கென்றே ஒரு வரி போட்டது. ரூபாய்க்கு 3 பைசா. இங்கே பைசா என்பது பழைய கணக்கு: 12 பைசா ஓர் அணா, 16 அணா ஒரு ரூபாய். ஆக, ரூபாய்க்குக் காலணா. 64-ல் ஒரு பங்கு. தனித்தனியே பார்த்தால் சின்னத் தொகைதான். ஆனால் தஞ்சை ஜில்லாவின் நன்செய் முழுவதும் சேர்ந்து கட்டும்போது அதுவே முதலாகிவிட்டது.

1894-ல் மாயவரத்திலிருந்து திருவாரூர் வழியாக முத்துப்பேட்டை வரை 54 மைல் மீட்டர் கேஜ் பாதை திறக்கப்பட்டது. 1902-ல் பட்டுக்கோட்டைக்கும், 1903-ன் கடைசியில் அறந்தாங்கிக்கும் நீண்டது. மொத்தம் ஏறக்குறைய 100 மைல். பாதைக்குச் சொந்தக்காரர் போர்டு. வண்டி ஓட்டியது தென்னிந்திய ரயில்வே கம்பெனி.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அன்று பட்டுக்கோட்டைப் பக்கம் வானம் பார்த்த பூமி. மேட்டூர் அணையும் கல்லணைக் கால்வாயும் வந்தது 1934-ல்தான். அதாவது அந்தச் சீமைக்குக் காவிரித் தண்ணீர் வருவதற்கு 30 ஆண்டுகளுக்கு முன்பே ரயில் வந்துவிட்டது. அந்த வரியில் பெரும்பங்கு நன்செய் நிலங்களிலிருந்து வந்தது. பாதையோ வறண்ட தெற்கு வரை போனது. ஒவ்வொரு தாலுகாவும் தன் காசு தன் எல்லைக்குள் என்று நின்றிருந்தால் அறந்தாங்கி வரை தண்டவாளம் போயிருக்காது. நம் குடவாசலும் கொடுத்ததே தவிர, வாசலுக்கு ரயிலைப் பெறவில்லை.

இன்னொரு கூட்டாளியும் இருந்தார். அது காரைக்கால். பிரெஞ்சு ஆட்சியில் இருந்த அந்த ஊரைச் சுற்றி மூன்று பக்கமும் பிரிட்டிஷ் தஞ்சாவூர், நான்காவது பக்கம் கடல். ரயில் வேண்டுமென்றால் அயல் சர்க்காரின் மண் வழியாகத்தான் வரவேண்டும். ஜில்லா போர்டின் பாதை பேரளத்தைத் தொட்டதும் அதற்கு வழி பிறந்தது. பிரெஞ்சு இந்தியா தன் செலவில் பேரளத்திலிருந்து அம்பகரத்தூர், திருநள்ளாறு வழியாகக் காரைக்காலுக்குக் கிளைப் பாதை போட்டது. 1898 மார்ச்சில் வண்டி ஓடியது. அதையும் ஓட்டியது தென்னிந்திய ரயில்வேதான். போர்டின் தண்டவாளம், பிரெஞ்சுக்காரர்களின் தண்டவாளம், கம்பெனியின் எஞ்சின் மூன்றும் பேரளத்தில் சேர்ந்தன.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு இதில் இன்னொன்றும் தோன்றும். பிரெஞ்சு இந்தியாவில் 1880-லேயே கொம்யூன்கள், அதாவது நகராட்சிகள், ஏற்பட்டுவிட்டன. அந்த அலுவலகத்தை மேரி என்பார்கள், தலைவர் மேர். பிரான்சில் 1890 மார்ச்சில் ஒரு சட்டம் வந்தது. தனியே செய்யமுடியாத வேலைகளுக்காகச் சிறிய கொம்யூன்கள் பல சேர்ந்து ஒரு சங்கம் அமைத்துக்கொள்ளலாம் என்றது. ஏறத்தாழ அதே காலத்தில் நம் ஜில்லா போர்டு தாலுகாக்களின் காலணாவைச் சேர்த்து ரயில் விட்டுக்கொண்டிருந்தது.

தஞ்சையைப் பார்த்து மற்றவர்களும் இறங்கினார்கள். கிருஷ்ணா ஜில்லா போர்டு பெசவாடாவிலிருந்து மசூலிப்பட்டினத்துக்கும், கோயமுத்தூர் போர்டு போத்தனூரிலிருந்து பொள்ளாச்சிக்கும், திருநெல்வேலி போர்டு திருச்செந்தூருக்கும் பாதை போட்டன.

எல்லாம் பொற்காலம் என்று சொல்லமாட்டேன். அந்த நாள் போர்டுக்குத் தலைவர் கலெக்டர். உறுப்பினர்கள் பெரும்பாலும் மிராசுதார்களும் வக்கீல்களும். வரி கட்டியது நிலக்காரர் என்றாலும் அந்த வரிக்கான நெல்லை விளைவித்தது பண்ணையாள். அவனுக்கு ஸ்டேஷன் எங்கே வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. நிலை மெல்லத்தான் மாறியது. 1920களில் நம் பெரும்பண்ணையூர்ப் பக்கத்து ஏ. டி. பன்னீர்செல்வம் ஜில்லா போர்டு தலைவராக வந்தார் என்பதை இந்தப் பகுதிப் பெரியவர்கள் பெருமையாகச் சொல்வார்கள்.

பிறகு 1958-ல் வந்த பஞ்சாயத்துச் சட்டத்தோடு ஜில்லா போர்டுகளின் காலம் முடிந்தது. காரைக்கால் கிளைப் பாதை 1980களில் நின்றுபோய்த் தண்டவாளமும் பெயர்க்கப்பட்டது. பல ஆண்டுக் கோரிக்கைக்குப் பின் புதிய அகலப்பாதை போட்டு 2025-ல் சோதனை ஓட்டம் நடந்தது. திருவாரூர்–காரைக்குடி பாதையும் அகலமாகி 2019-ல் மறுபடி வண்டி ஓடியது.

இன்றைக்கும் மாவட்ட ஊராட்சி என்று ஒன்று இருக்கிறது. ஆனால் அதற்கு வரி போடும் அதிகாரம் இல்லை. மேலிருந்து வரும் நிதியைப் பார்த்துத்தான் திட்டம். கூட்டாகச் செய்யும் பழக்கம் கூட்டுக் குடிநீர்த் திட்டங்களில் மட்டும் மிச்சமிருக்கிறது. கொள்ளிடத்தில் எடுக்கும் தண்ணீர் உப்புத்தண்ணீர் ஊரான வேதாரண்யம் வரை குழாயில் போகிறது. வழியில் எத்தனை பேரூராட்சி, எத்தனை ஊராட்சி! தலைப்பில் இருப்பவர் கொஞ்சம் கூடுதலாகத் திறந்துகொண்டால் கடைசி ஊருக்குக் காற்றுதான் வரும். காவிரிப் பாசனத்தில் முறை வைத்து நீர் விட்டுப் பழகிய நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்த முறை நன்னிலத்தில் வண்டிக்குக் காத்திருக்கும்போது பேரப்பிள்ளைகள் கூட இருந்தால் சொல்லுங்கள்: இந்தப் பாதை நம் ஜில்லாக்காரர்கள் ரூபாய்க்குக் காலணா கொடுத்துப் போட்டது, அதில் அறந்தாங்கிக்காரரும் காரைக்கால்காரரும் சேர்ந்து பயணம் போனார்கள்.